மைக்ரோஃப்ளேர் ஆய்வுக்கு எந்தத் தரவை எடுப்பது?

சூரியனின் சிறு சுடர்வெடிப்புகளை, அதாவது மைக்ரோஃப்ளேர்களை, எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொள்ள விரும்புபவருக்கு இன்று தரவுப் பஞ்சம் கிடையாது. சந்திரயான்-2இல் எக்ஸ்.எஸ்.எம்., ஆதித்யா-எல்1இல் சோலெக்ஸும் ஹீலியோஸும், சோலார் ஆர்பிட்டரில் ஸ்டிக்ஸ், நாசாவின் நூஸ்டார், எஸ்.டி.ஓ., ஐரிஸ், 2018இல் பணி முடித்த ரெஸ்ஸி விட்டுச்சென்ற சேமிப்பு என எல்லாமே காசில்லாமல் இணையத்தில் கிடைக்கின்றன. எல்லாம் விண்வெளிக் கருவிகள்; ஒவ்வொன்றும் என்ன என்பது கீழே வரும். கையில் இருப்பதோ ஐந்தாறு மாதம், ஒரு மடிக்கணினி, ஓரளவு பைத்தான். தேர்வு தவறிப்போனால் பாதி நேரம் மென்பொருளை நிறுவுவதில் கரையும். மீதி நேரம், அந்தக் கருவியால் விடை சொல்லவே முடியாத கேள்வியைக் கேட்பதில் கரையும். இரண்டாவதுதான் பெரிய இழப்பு.

என் தேர்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி.க்கு எக்ஸ்.எஸ்.எம்.மையும் எஸ்.டி.ஓ.வின் ஏ.ஐ.ஏ. படங்களையும் சேர்த்து எடுங்கள். பி.எச்டி.க்கு ஸ்டிக்ஸ், நல்ல வழிகாட்டி வாய்த்தால் நூஸ்டார். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை விளக்க, கருவிகளுக்கு முன்னால் இயற்பியலைக் கொஞ்சம் பேச வேண்டும். கருவித் தேர்வு முழுக்க அதில்தான் தங்கியிருக்கிறது.

சூடாக்குவதும் முடுக்குவதும்

1939இல் குரோட்ரியனும், அடுத்த சில ஆண்டுகளில் எட்லேனும், சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் புதிரான நிறமாலைக் கோடுகள் பல எலக்ட்ரான்களை இழந்த இரும்பு போன்ற அயனிகளிலிருந்து வருபவை என்று காட்டினார்கள். மேற்பரப்பு 5,800 கெல்வினில் இருக்க, அதற்கு மேலே உள்ள கொரோனா 10 லட்சம் கெல்வினைத் தாண்டுகிறது என்பது அப்போது உறுதிப்பட்டது. அந்தச் சூடு ஆறாமல் இருக்க, அமைதியான பகுதிகளில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 வாட்டும், கரும்புள்ளிகளைச் சூழ்ந்த செயல்மண்டலங்களில் ஏறக்குறைய 10,000 வாட்டும் இடைவிடாமல் போய்ச்சேர வேண்டும். மேற்பரப்பு சதுர மீட்டருக்கு 6 கோடி வாட்டுக்கு மேல் வெளிவிடுகிறது. ஆகவே ஆற்றலுக்குக் குறைவில்லை. அதில் ஒரு சிறு பங்கு எந்த வழியாக மேலே ஏறி வெப்பமாகிறது என்பதே கேள்வி.

அலைகள் ஏற்றிச்செல்கின்றன என்பது ஒரு விடை. இன்னொன்றை 1988இல் யூஜின் பார்க்கர் சொன்னார். காந்தப்புலக் கோடுகளின் அடிகளை மேற்பரப்புக் கொந்தளிப்பு ஓயாமல் அங்குமிங்கும் நகர்த்துகிறது. மேலே கோடுகள் முறுக்கிப் பின்னிக்கொள்கின்றன. முறுக்கு ஓர் எல்லையைத் தாண்டும்போது கோடுகள் அறுந்து வேறு விதமாக இணையும் மறுஇணைவு நடந்து, சேர்ந்திருந்த ஆற்றல் சின்னஞ்சிறு வெடிப்பாக வெளிப்படுகிறது. இவற்றைத்தான் அவர் நானோஃப்ளேர் என்றார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10²⁴ எர்க் (எர்க் என்பது ஆற்றலின் ஒரு சிறு அலகு). பெரிய ஃப்ளேர் ஒன்று 10³² எர்க் வரை போகும் என்றால், அதில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. சிறு துளி பெரு வெள்ளம் ஆகுமா என்பதற்கு ஹட்சன் 1991இல் ஒரு நிபந்தனையைத் தந்தார். ஃப்ளேர்களின் எண்ணிக்கை ஆற்றலோடு எந்த அடுக்கில் குறைகிறதோ, அந்த அடுக்கு 2-ஐத் தாண்டினால்தான் சிறியவற்றின் கூட்டு ஆற்றல் பெரியவற்றை மிஞ்சும்.

இது சூடாக்குதல் பற்றியது. முடுக்கம் இன்னும் ஆழமான கேள்வி. பெரிய ஃப்ளேர்களில் மறுஇணைவால் வெளிப்படும் ஆற்றலின் பெரும் பங்கு நேரடியாக வெப்பமாவதில்லை. முதலில் எலக்ட்ரான்களின் வேகமாகிறது. அந்த எலக்ட்ரான்கள் காந்தப்புல வளைவின் வழியே கீழே பாய்ந்து, மேற்பரப்பை ஒட்டிய அடர்த்தியான அடுக்கான குரோமோஸ்பியரில் மோதி நிற்கின்றன. மோதும்போது அவற்றின் ஆற்றலில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே வன் எக்ஸ் கதிராக, அதாவது ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிராக, வெளிவரும். மற்றதெல்லாம் சுற்றியுள்ள பிளாஸ்மாவை, அதாவது அயனியான வாயுவை, சூடாக்கும். சூடேறிய பிளாஸ்மா விரிந்து மேலே எழுந்து வளைவை நிரப்பி மென் எக்ஸ் கதிரில் ஒளிரும். நாம் ஃப்ளேர் என்று பார்ப்பதில் பெரும்பகுதி இந்த நிரம்பிய வளைவுதான்.

சிறு ஃப்ளேர்களிலும் இதே கதைதான் நடக்கிறதா? அல்லது அளவு சிறுத்ததும் முடுக்கம் தளர்ந்து, ஆற்றல் அங்கேயே வெப்பமாகிவிடுகிறதா? இதற்கு விடை தெரிந்தால்தான் பார்க்கரின் நானோஃப்ளேரை எந்த வடிவில் தேட வேண்டும் என்பதே தெரியும். ஏனென்றால் இன்றைய எக்ஸ் கதிர்க் கருவி எதுவும் 10²⁴ எர்க் நிகழ்வைத் தனியாகப் பிரித்துக் காட்டாது. மைக்ரோஃப்ளேரிலிருந்து கீழ்நோக்கி ஊகித்துத்தான் போக வேண்டும்.

இங்கே ஒரு தடை இருக்கிறது. கருவி ஒப்பீடு முழுவதும் இதைச் சுற்றியே சுழல்கிறது. சூடான பிளாஸ்மாவின் எக்ஸ் கதிர், ஆற்றல் கூடக்கூட மடமடவென்று குறையும். முடுக்கப்பட்ட எலக்ட்ரான்களின் கதிர் மெதுவாகக் குறையும். ஆகவே உயர் ஆற்றலில் இரண்டும் பிரிந்து தெரியும். தாழ் ஆற்றலில் வெப்பக் கதிர் மற்றதை மூடி மறைத்துவிடும். முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் எந்த ஆற்றலிலிருந்து தொடங்குகின்றன என்ற கீழெல்லை அந்த மறைவுக்குள்தான் கிடக்கிறது. கணக்கில் ஆட்டிப்படைப்பதும் அந்த எண்தான். எலக்ட்ரான் நிறமாலை ஆற்றலின் 6-ஆம் அடுக்கில் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழெல்லையை 12 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கே.இ.வி.) என்பதிலிருந்து 6 கே.இ.வி.க்கு இறக்கினால் மொத்த ஆற்றல் 2-இன் நான்கடுக்கு, அதாவது 16 மடங்கு கூடிவிடும். ஒரே தரவு, ஒரே ஃப்ளேர். ஒருவருக்கு எலக்ட்ரான்கள் போதாது, இன்னொருவருக்குத் தாராளம். எனவே ஒவ்வொரு கருவியிடமும் நான் முதலில் கேட்பது, 5 முதல் 12 கே.இ.வி. வரையிலான பகுதியில் அது எவ்வளவு சுத்தமாகப் பார்க்கிறது என்பதைத்தான்.

ஏ.ஐ.ஏ. மட்டும் போதுமா?

பெரும்பாலோர் முதலில் கை வைப்பது இதில்தான். 2010 பிப்ரவரியில் ஏவப்பட்ட நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலத்தில் இருக்கும் ஏ.ஐ.ஏ., புற ஊதாவின் பல அலைவரிசைகளில் 12 வினாடிக்கு ஒரு முழுச் சூரியப் படம் தருகிறது. படங்கள் கண்ணைக் கவரும். சன்பை என்ற பைத்தான் தொகுப்பால் ஒரே நாளில் இறக்கிப் பார்க்கத் தொடங்கலாம். 94 ஆங்ஸ்ட்ராம் வரிசை ஏறக்குறைய 70 லட்சம் கெல்வின் இரும்பையும், 131 வரிசை அதைவிடச் சூடானதையும் காட்டும்.

ஆனால் ஏ.ஐ.ஏ. முடுக்கப்பட்ட எலக்ட்ரான்களை நேரடியாகப் பார்ப்பதே இல்லை. வெப்பநிலையைக் கூட ஆறு வரிசைகளின் செறிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஒரே செறிவுத் தொகுப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வெப்பநிலைப் பரவல் பொருந்தும். 94 வரிசையிலும் 131 வரிசையிலும் குளிர்ந்த பிளாஸ்மாவின் கோடுகளும் கலந்திருக்கின்றன. சின்ன நிகழ்வில் அந்தக் கலப்பை நீக்காமல் 'ஒரு கோடி கெல்வின் கண்டேன்' என்று எழுதிவிடக் கூடாது.

இதே வகையில் இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பது சோலார் ஆர்பிட்டர் விண்கலத்தின் இ.யூ.ஐ. படக்கருவி. 2020 மே 30 அன்று, சூரியனிலிருந்து 0.556 வானியல் அலகு தூரத்தில் (பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரம் 1 அலகு) அது எடுத்த படங்களில், அமைதியான பகுதியிலேயே 1,467 சிறு மினுக்கல்களை எண்ணினார்கள். கேம்ப்ஃபயர் என்ற பெயரோடு செய்திகளில் வந்தவை இவைதான். அளவு 400 முதல் 4,000 கிலோமீட்டர், ஆயுள் 10 முதல் 200 வினாடி. வெப்பநிலை 10 லட்சம் கெல்வினைச் சற்றே தாண்டும். மறுஇணைவு சின்ன அளவிலும் எங்கும் நடக்கிறது என்பதற்கு அருமையான சான்று. முடுக்கம் பற்றி இந்தப் படங்களால் எதுவும் சொல்ல இயலாது.

ஆக, ஏ.ஐ.ஏ. துணை. ஆனால் தவிர்க்கவே முடியாத துணை. எக்ஸ் கதிர் நிறமாலை தரும் உமிழ்வளவு என்பது அடர்த்தியின் வர்க்கத்தைக் கன அளவால் பெருக்கியது. அடர்த்தியைப் பிரித்தெடுக்கக் கன அளவு வேண்டும், அதைப் படம்தான் தரும்.

எக்ஸ்.எஸ்.எம்.

அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகமான பி.ஆர்.எல். உருவாக்கிய இந்தச் சிறு கருவியின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. 2019 ஜூலை 22இல் ஏவப்பட்ட சந்திரயான்-2இன் சுற்றுகலனில், நிலவைச் சுற்றிக்கொண்டே சூரியனைப் பார்க்கிறது. 1 முதல் 15 கே.இ.வி. வரை, ஒரு வினாடிக்கு ஒரு நிறமாலை. ஆற்றல் பிரிப்பு, மெக்னீசியம், சிலிக்கான், கந்தகம் ஆகியவற்றின் கோடுகள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு நன்றாக இருக்கிறது. படம் எடுக்காது; சூரியன் முழுவதும் அதற்கு ஒரே புள்ளி.

அதன் பெரிய பேறு, வேலை தொடங்கிய காலம். 2019-20இல் சூரியன் பல பத்தாண்டுகளில் காணாத அளவு அடங்கியிருந்தது. செயல்மண்டலமே இல்லாத 76 நாள் தரவில், ஏ வகுப்புக்கும் கீழான 98 மைக்ரோஃப்ளேர்களை எக்ஸ்.எஸ்.எம். குழு 2021இல் அறிவித்தது. (ஃப்ளேர்களை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று எக்ஸ் கதிர்ச் செறிவால் வகுப்பார்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பத்து மடங்கு.) அதற்கு முன் எக்ஸ் கதிரில் கண்ட மைக்ரோஃப்ளேர்கள் ஏறக்குறைய எல்லாமே செயல்மண்டலங்களைச் சேர்ந்தவை. இவற்றில் கணக்கிட முடிந்தவற்றின் வெப்ப ஆற்றல் 3×10²⁶ முதல் 6×10²⁷ எர்க் வரை. அந்தக் கணக்கில் கன அளவுக்கு ஏ.ஐ.ஏ. படங்களைத்தான் பயன்படுத்தினார்கள். நான் பரிந்துரைக்கும் இணை புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஏற்கெனவே நடந்து பார்த்த பாதை.

மாணவருக்கு இதைவிடச் சுவையான வேலை தனிமங்களின் விகிதத்தில் இருக்கிறது. எளிதில் அயனியாகும் மெக்னீசியம், சிலிக்கான் போன்றவை கொரோனாவில் மேற்பரப்பில் இருப்பதைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கும். பி வகுப்பு ஃப்ளேர்கள் ஒன்பதை எக்ஸ்.எஸ்.எம். நிறமாலையில் ஆராய்ந்தபோது, ஃப்ளேர் ஏறும் கட்டத்தில் இந்த மிகுதி குறைந்து மேற்பரப்பு விகிதத்தை நெருங்குவதும், பிறகு சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்புவதும் தெரிந்தது. ஏறும் கட்டத்தில் வளைவை நிரப்புவது கீழேயிருந்து எழுந்த பிளாஸ்மா என்பதற்கு இது நல்ல தடயம். கொரோனாவில் இருந்த பிளாஸ்மாவே நின்ற இடத்தில் சூடாகியிருந்தால் விகிதம் இப்படி மாறியிருக்காது. கீழேயுள்ளதை எழுப்பியது எலக்ட்ரான் கற்றையா, மேலிருந்து கடத்தலால் இறங்கிய வெப்பமா என்பதை விகிதம் மட்டும் சொல்லாது. ஆனாலும், வன் எக்ஸ் கதிரே இல்லாமல் முடுக்கக் கேள்வியின் வாசல்வரை போய்விட முடிகிறது.

குறைகள்: 15 கே.இ.வி. வரை பார்க்கும் என்று காகிதத்தில் இருந்தாலும், மைக்ரோஃப்ளேரில் சில கே.இ.வி.க்கு மேல் ஃபோட்டான்களே போதாது. முடுக்கத்தை நேரடியாகக் காணும் ஆசையோடு இதை எடுக்க வேண்டாம். நிலவைச் சுற்றும் பாதையின் அமைப்பால் ஆண்டின் சில மாதங்களில்தான் சூரியன் நன்றாகத் தெரியும். தரவு, இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவு செய்தால் கிடைக்கும். நிறமாலைப் பொருத்தத்துக்கு எக்ஸ்ஸ்பெக் என்ற மென்பொருளைக் கற்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், ஆனால் பிற்காலத்தில் எந்த எக்ஸ் கதிர் வானியலுக்கும் அது உதவும்.

ஆதித்யா-எல்1

2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6இல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்1 என்ற ஈர்ப்புச் சமநிலைப் புள்ளியின் சுற்றுப்பாதையை அடைந்தது. கிரகணமோ நிலவின் மறைப்போ இல்லாமல் எப்போதும் சூரியனைப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. சோலெக்ஸ் 2 முதல் 22 கே.இ.வி. வரையும், ஹீலியோஸ் ஏறக்குறைய 10 முதல் 150 கே.இ.வி. வரையும் அளக்கின்றன. வெப்பமும் முடுக்கமும் ஒரே கலனில். இரண்டுமே படம் எடுப்பவை அல்ல.

தயக்கம் காலத்தைப் பற்றியது. சூரியச் சுழற்சி 25 உச்சக் கட்டத்தில் இருப்பதாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இந்தக் கட்டத்தில் செயல்மண்டலங்களின் பின்னணி ஒளியே ஏ வகுப்பை முழுவதும் மூழ்கடித்துவிடும். பி வகுப்பே சிரமம். படமில்லாத கருவியால் அந்த வெளிச்சத்துக்குள் ஒரு சின்ன ஃப்ளேரைத் தனியாக எடுக்க முடியாது. சி வகுப்பும் அதற்கு மேலும் ஆராய விரும்புபவருக்கு ஆதித்யாதான் என் முதல் பரிந்துரை. மைக்ரோஃப்ளேருக்குச் சுழற்சி இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அடங்கிய சூரியன் தேவைப்படுபவர் 2019-20 சேமிப்புக்குப் போகலாம். அது தயாராக இருக்கிறது.

ரெஸ்ஸி

2002 பிப்ரவரி 5 முதல் 2018 ஏப்ரல் வரை உழைத்தது. ஒன்பது ஜெர்மானியம் உணரிகள், 3 கே.இ.வி. முதல் 17 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை. மைக்ரோஃப்ளேர் என்ற துறைக்கு எண்ணிக்கைப் பலம் தந்ததே இதுதான். 2002 முதல் 2007 வரையிலான தரவில் 25,000-க்கு மேற்பட்ட மைக்ரோஃப்ளேர்கள் பட்டியலிடப்பட்டன, எல்லாமே செயல்மண்டலங்களில். வெப்பநிலை பெரும்பாலும் ஒரு கோடி கெல்வினுக்கு மேல்.

கலனே சுழல, கம்பிச்சட்டங்களின் நிழல் மாறுபாட்டிலிருந்து படத்தைக் கணிக்கும் மறைமுக முறை அது. மங்கலான நிகழ்வில் பின்னணி இரைச்சல் சமிக்ஞையை விழுங்கிவிடும். மென்பொருள் பெரும்பாலும் ஐடிஎல் மொழியில். உரிமம் இல்லாத கல்லூரியில் அதுவே முட்டுக்கட்டை. உரிமம் உள்ள இடத்தில் இருப்பவரும், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் எடுக்கலாம். 2007-க்கு முந்தைய தரவை எடுங்கள்; பிற்காலத்தில் கதிர்வீச்சால் உணரிகளின் தரம் சரிந்தது.

நூஸ்டார்

2012 ஜூன் 13இல் ஏவப்பட்ட நூஸ்டார் சூரியனுக்காகச் செய்ததே இல்லை. கருந்துளைகளையும் மீவெடிப்பு எச்சங்களையும் பார்க்க, 10 மீட்டர் நீளக் கம்பத்தின் இரு முனைகளில் ஒளிக்கருவியையும் உணரியையும் வைத்து, 3 முதல் 79 கே.இ.வி. வரையிலான எக்ஸ் கதிரை நேரடியாகக் குவியச்செய்யும் தொலைநோக்கி. 2014 செப்டம்பரில் முதன்முதலாகச் சூரியனை நோக்கித் திருப்பினார்கள். குவிப்பதால் பின்னணி இரைச்சல் அடங்கிப்போகிறது. நான் மேலே சொன்ன 5 முதல் 12 கே.இ.வி. பகுதியைச் சிறு ஃப்ளேர்களில் இவ்வளவு சுத்தமாகப் பார்க்கும் வேறு செயற்கைக்கோள் கிடையாது.

அதன் பயனை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்தத் துறையில் என்னை மிகவும் யோசிக்கவைத்த முடிவு அது. ஏ5.7 வகுப்பு மைக்ரோஃப்ளேர் ஒன்றில், முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் 6.5 கே.இ.வி. வரை கீழே இறங்கியிருந்தன. நிறமாலை அடுக்கு 6.3. அவை வளைவின் அடிக்குப் போய்ச்சேரவே இல்லை. வளைவுக்குள்ளேயே மோதி நின்று, அதை ஒரு கோடி கெல்வினுக்காவது சூடாக்கின. இது வியப்பான ஒன்றல்ல என்று கணக்குப் போட்டால் தெரியும். கன சென்டிமீட்டருக்கு 10¹⁰ எலக்ட்ரான் என்ற அடர்த்தியில் 7 கே.இ.வி. எலக்ட்ரான் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் நின்றுவிடும். சின்ன வளைவே அத்தனை நீளம் இருக்கும். இதில் இரண்டு செய்திகள் உண்டு. அந்த ஃப்ளேரை ரெஸ்ஸியும் பார்த்தது. அதன் சமிக்ஞை ஏறக்குறைய முழுவதும் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்களிலிருந்து வந்தது. ரெஸ்ஸி நிறமாலைகளில் தாழ் ஆற்றல் பகுதியை வெப்பம் என்று வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு இது நேர் எதிர். இரண்டாவது, எலக்ட்ரான்களுக்குப் போன ஆற்றலுக்கும் வெப்பத்துக்கும் உள்ள விகிதம் பெரிய ஃப்ளேர்களில் உள்ளதைப் போலவே இருந்தது. சிறியவற்றில் முடுக்கம் தளர்கிறது என்று முன்பு கண்டதில் எவ்வளவு இயற்கை, எவ்வளவு நாம் வைத்துக்கொண்ட கீழெல்லை என்ற கேள்வி அதன்பின் திறந்தே கிடக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு எம்.எஸ்சி.க்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? உணரி ஒரு வினாடிக்குச் சில நூறு ஃபோட்டான்களை மட்டுமே பதிவு செய்யும். சூரியன் பிரகாசித்தால் அது உண்மையில் விழித்திருக்கும் நேரம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். பார்வைப் புலத்துக்கு வெளியே இருக்கும் செயல்மண்டலத்தின் ஒளி தவறான பாதையில் சிதறி உள்ளே வந்து போலிப் படம் உண்டாக்கும். சூரியனை நோக்கும்போது இடக்குறிப்பு துல்லியமாக இராது, ஏ.ஐ.ஏ. படத்தோடு கையால் பொருத்த வேண்டும். சூரிய நோக்குகள் ஆண்டுக்குச் சில முறை, சில மணி நேரங்கள்தான். நல்ல நிகழ்வுகளைப் பெரும்பாலும் அந்தக் குழுவினரே எழுதிவிட்டார்கள். ஐந்து மாதத்தில் இதில் முதல் நம்பகமான நிறமாலையை எடுக்கும்போது சமர்ப்பிக்கும் நாள் வந்துவிடும்.

ஸ்டிக்ஸ்

2020 பிப்ரவரியில் ஏவப்பட்ட சோலார் ஆர்பிட்டர் 0.3 வானியல் அலகுக்கும் உள்ளே சூரியனை நெருங்குகிறது. அந்தத் தூரத்தில் எக்ஸ் கதிர்ச் செறிவு பூமியருகே இருப்பதைவிட 11 மடங்கு. ஸ்டிக்ஸ் 4 முதல் 150 கே.இ.வி. வரை நிறமாலையும் படமும் தரும். படமெடுக்கும் முறை ரெஸ்ஸியைப் போல மறைமுகமானது, சுழற்சி மட்டும் இல்லை. தரவுத் தளம் நேர்த்தியானது, பைத்தான் கருவிகள் உண்டு, ஃப்ளேர் பட்டியல் தேடத் தயாராக இருக்கிறது. பி வகுப்பு மைக்ரோஃப்ளேர்களைத் தொடக்கச் சோதனைக் காலத்திலேயே அது பிடித்தது.

பூமியிலிருந்து பார்க்கும் ஏ.ஐ.ஏ.வோடு சேர்த்தால் ஒரே ஃப்ளேர் இரண்டு கோணங்களில் கிடைக்கும். வளைவின் கன அளவு ஊகமாக இல்லாமல் அளவாக மாறும். ஆனால் இரண்டு கலன்களின் நேரத்தைச் சரிசெய்ய மறக்கக் கூடாது. ஆர்பிட்டர் 0.3 அலகில் இருக்கும்போது அதே ஒளி பூமிக்கு ஏறக்குறைய 350 வினாடி கழித்துத்தான் வரும். ஒரு மைக்ரோஃப்ளேரின் ஏறும் கட்டமே அதைவிடக் குறைவாக இருக்கலாம். பின்னணி இரைச்சலால் மிகச் சிறிய நிகழ்வுகளில் நூஸ்டார் அளவுக்கு இறங்க முடியாது. மூன்று நான்கு ஆண்டு கையில் உள்ளவருக்கு, நிகழ்வுகளின் எண்ணிக்கை, படம், நிறமாலை, புதுக் கோணம் எல்லாம் சேர்ந்து இருப்பது இங்கேதான்.

மறைமுக வழிகள்

ஐரிஸ் எக்ஸ் கதிரைப் பார்ப்பதில்லை. ஆனாலும் முடுக்கக் கேள்விக்கு அது தந்த விடை அழகானது. 2013 ஜூனில் ஏவப்பட்ட இந்தத் தொலைநோக்கி, கொரோனாவுக்கும் குரோமோஸ்பியருக்கும் இடையிலுள்ள மெல்லிய மாறுநிலை அடுக்கின் புற ஊதாக் கோடுகளை அளக்கிறது. 2014இல் சூடான வளைவுகளின் அடிகளில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான மினுக்கல்களைக் கண்டார்கள். சிலவற்றில் சிலிக்கான் அயனியின் கோடு நீலப்பக்கம் நகர்ந்திருந்தது, அதாவது பிளாஸ்மா மேலெழுந்தது. வெப்பக் கடத்தல் மட்டும் நடக்கும் கணினி மாதிரிகளில் இந்த நகர்வு வரவில்லை. ஏறக்குறைய 10 கே.இ.வி. எலக்ட்ரான் கற்றை ஆழத்தில் இறங்கி ஆற்றலை விட்ட மாதிரியில்தான் வந்தது. எக்ஸ் கதிரில் கண்ணுக்கே அகப்படாத நிகழ்வில் முடுக்கத்தின் சுவடு, அதுவும் நானோஃப்ளேர் அளவை ஒட்டி. மாதிரியை நம்பியிருக்கும் முடிவு என்பதும், ஒளியை உள்ளே விடும் கருவியின் குறுகிய பிளவு சரியான இடத்தில் சரியான நேரத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதும் இதன் பலவீனங்கள். கணினி மாதிரிகளில் ஆர்வம் உள்ளவருக்கு என் இரண்டாவது பரிந்துரை இதுதான்.

ரேடியோவில், புனேயின் ரேடியோ வானியல் மையமான என்.சி.ஆர்.ஏ.வின் ஆய்வாளர்கள் 2020இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் எம்.டபிள்யூ.ஏ. ரேடியோ தொலைநோக்கியின் தரவில் அமைதியான சூரியனெங்கும் பலவீனமான துடிப்புகளைக் கண்டறிந்தார்கள். மிகக் குறைந்த எலக்ட்ரான்களையும் ரேடியோ காட்டிவிடும். ஆனால் தரவின் பருமன் மடிக்கணினிக்கு அடங்காது, ஆற்றல் கணக்கும் எளிதில் வராது. ஃபாக்ஸி ராக்கெட்டின் 2014 பறத்தல், ஃப்ளேர் எதுவும் தெரியாத செயல்மண்டலத்தில் ஒரு கோடி கெல்வினுக்கு மேற்பட்ட பிளாஸ்மாவைக் கண்டது அருமையான முடிவு. ஒவ்வொரு பறத்தலிலும் ஆறு நிமிடம்போலத்தான் தரவு என்பதால் மாணவர் ப்ராஜெக்டுக்கு அது உதவாது.

எண்ணுவதைவிட ஒன்றை முழுமையாக அளப்பது

எக்ஸ்.எஸ்.எம்., ஏ.ஐ.ஏ. இணையை எடுத்தபின்னும் ஒரு முடிவு பாக்கியிருக்கிறது: நூறு ஃப்ளேர்களை எண்ணி ஆற்றல் பரவலின் அடுக்கைக் கணக்கிடுவதா, ஒன்றிரண்டை முழுமையாக அளப்பதா? மாணவர்களுக்குப் பெரும்பாலும் முதலாவது கொடுக்கப்படுகிறது. அதை நான் ஏற்கவில்லை. அமைதியான சூரியனின் புற ஊதா மினுக்கல்களை 1998 முதல் 2000 வரை மூன்று குழுக்கள் எண்ணின. ஒரு குழுவுக்கு 2.3 முதல் 2.6 வரை வந்தது, இன்னொன்றுக்கு 2.0 முதல் 2.6 வரை, மூன்றாவதற்கு 1.79. ஹட்சனின் எல்லைக்கு இருபுறமும் விடை. நிகழ்வு என்று எதை எண்ணுவது, அதன் தடிமன் எவ்வளவு என்று வைத்துக்கொள்வது ஆகியவற்றைப் பொறுத்தே அடுக்கு பெரிதும் மாறியது. அந்த வைத்துக்கொள்ளல்களை மாற்றாமல் இன்னோர் அடுக்கைக் கணக்கிட்டால் புதிதாக எதுவும் தெரியவராது.

ஒரே ஃப்ளேரை எடுத்தால் ஒவ்வொரு ஊகத்தையும் கையில் பிடித்து அசைத்துப் பார்க்கலாம். உதாரணமாக வெப்பநிலை 60 லட்சம் கெல்வின், உமிழ்வளவு 10⁴⁶, கன அளவு 10²⁶ கன சென்டிமீட்டர் என்றால், அடர்த்தி 10¹⁰, வெப்ப ஆற்றல் ஏறக்குறைய 2.5×10²⁷ எர்க். வளைவின் தடிமனில் ஏற்பட்ட பிழையால் கன அளவு நான்கு மடங்கு மாறினால் ஆற்றல் இரண்டு மடங்கு மாறும். இந்த இரண்டு மடங்கை மாணவரே கணக்கிட்டு எழுதினால், அந்த அத்தியாயம் நூறு நிகழ்வுகளின் வரைபடத்தைவிட மதிப்புள்ளது. அதோடு தனிம விகிதம் வினாடிக்கு வினாடி எப்படி மாறுகிறது, வளைவின் அடி முதலில் ஒளிர்கிறதா உச்சி முதலில் ஒளிர்கிறதா என்பவற்றை ஏ.ஐ.ஏ.வோடு ஒரே காலக்கோட்டில் வைத்துப் பாருங்கள். கீழேயிருந்து பிளாஸ்மா எழுந்ததா என்ற கேள்விக்கு உங்கள் சொந்தத் தரவிலிருந்தே ஒரு விடை வரும்.

நிகழ்வைத் தேர்ந்தெடுக்கும்போது ஏ வகுப்புக்குக் கீழே போக வேண்டாம். விகிதம் பார்க்க ஃபோட்டான்கள் போதாது. சூரியனில் வேறு செயல்மண்டலம் எதுவும் இல்லாத நாளில் நடந்த ஒரு பி வகுப்பு ஃப்ளேர் ஏற்றது. கருவியில் இடவிவரம் இல்லாத குறையை அந்த நாளின் வெறுமையே ஈடுசெய்துவிடும். ஏ.ஐ.ஏ.வில் 94, 131, 171, 193, 211, 335 ஆகிய ஆறு வரிசைகளையும், உச்சத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரத்துக்கு, ஃப்ளேர் நடந்த பகுதியை மட்டும் வெட்டி இறக்குங்கள். முழு வட்டப் படங்களாக இறக்கினால் அந்த ஒரு மணி நேரமே ஆயிரத்து எண்ணூறு கோப்புகள் ஆகும்.